மண் கழிவு

ஹானோவருக்குத் தெற்கே
நவம்பர் வயலில்
செங்கோணமாய்ப் பிரியும் இரண்டு நீளக் குழாய்கள்.
உள்ளே வெற்றிடம், வெற்றிடத்தில் ஒளி.
வெளியே, இருபுறமும், சர்க்கரை பீட்ரூட்.

இரவு பதினொன்றேகாலுக்கு
வீப்கே லூடெகிங்கின் திரையில் ஒரு கீறல்.
பால்வீதி அல்ல.
ஹின்னெர்க் ப்ரூன்ஸின் அறுவடை இயந்திரம்.

போன் செய்தாள்.
"நாளைக்கு மழை. இன்றே தோண்டியாகணும்" என்றான்.
பிறகு, எஞ்சினை அணைக்காமலே,
"அப்படி எதைத்தான் கேட்கிறீங்க அங்கே?"

எங்கே தொடங்குவது.
செத்துப்போன விண்மீன்கள், ஹின்னெர்க்.
அகலம் ஒரு நகரத்தளவு, எடை சூரியனுக்கும் மேல்.
நொடிக்கு முப்பது சுற்று சுற்றும், சிலது அறுநூறு.
வழுவழுப்பான உருண்டையென்றால்
எவ்வளவு சுற்றினாலும் சத்தமில்லை.
எங்காவது ஒரு மேடு வேண்டும்.
மேடு என்றால்
தலைமயிர்த் தடிமனில் பத்தில் ஒன்று.
அது இருந்தால் போதும்,
சுற்றுக்கு இருமுறை வெளியே நெளியும்,
அந்த நெளிவு இந்தக் குழாய் வரை வரும்.
வர வேண்டும்.

"எத்தனை இருக்கு?"

அதுதான் அவள் மூன்று வருடமாய்ப் போடும் கணக்கு.

கண்டவை சில ஆயிரம்,
சுழலும் விளக்கு நம் பக்கம் திரும்பியதால் கண்டவை.
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்,
பானை கொதித்துக்கொண்டிருந்தால்.
இங்கே அகப்பையில் ஏறுவதெல்லாம் இளசு, வெளிச்சம்.
அடியில் ஆறிக் கிடப்பது
பத்துக் கோடி என்கிறது ஒரு கணக்கு,
இன்னொன்று அதற்கும் மேல்.

ஆகவே அவளே பிறப்பிக்கிறாள்.
ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி
ஒரு பிறந்த தேதி, ஒரு காந்தம்,
பிறக்கும்போதே வாங்கிய ஓர் உதை,
யாரும் பார்த்திராத ஒரு மேடு.
வயதாக விடுகிறாள்.
சுழற்சி தளர்கிறது, தட்டைவிட்டு விலகிப்போகிறது சிலது,
கணிப்பொறி சூடாகிறது, காப்பி ஆறுகிறது.

பத்துக் கோடியும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தாலும்
ஒன்றின் தாளம் மற்றதற்குத் தெரியாது.
கூட்டினால் பத்தாயிரம் மடங்குதான்.
கூட்டத்தின் பலம் வர்க்கமூலத்தில் கரைந்துவிடுகிறது.
இதை முதன்முதலாய்க் கண்ட இரவு
சைக்கிளை உருட்டியபடியே வீட்டுக்குப் போனாள்.

"ஆக, ஒண்ணும் கேட்கலை."
"ஒண்ணும் கேட்கலை.
ஆனால் எவ்வளவுக்கு மேல் இல்லை என்று சொல்ல முடியும்."

சிரிப்பான் என்று நினைத்தாள்.
எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"ஆலையிலும் அப்படித்தான்" என்றான்.
"லாரியில் ஒரு குத்து குத்தி
ஒரு கூடை கிழங்கு எடுப்பான். கழுவுவான்.
போன மண் எவ்வளவோ
அந்த வீதம் முழு லாரிக்கும் கழிப்பான்.
என் மண்ணை முழுசாய் எவனும் நிறுத்ததில்லை.
பணம் மட்டும் சரியாய் வருது.
சில வருஷம் வரலை."

இரண்டு மணிக்கு வயல் அடங்கியது.
பதினொன்றேகால் முதல் இரண்டு வரை
தரவில் ஒரு கோடு போட்டு நீக்கினாள்.
காரணம் என்ற கட்டத்தில் 'கிழங்கு' என்று எழுதி
அடித்துவிட்டு, 'நில அதிர்வு, உள்ளூர்' என்று எழுதினாள்.

காலையில் மழை.
வாசற்கதவோரம் ஒரு பீட்ரூட்,
கழுவாதது, வேர்மடிப்பில் கறுத்த மண்ணோடு.
சீட்டு இல்லை.

காப்பித்தூள் நிறுக்கும் தராசில் வைத்தாள்.
கழுவினாள். மறுபடி வைத்தாள்.
நூற்றுக்கு ஏழு.

ஈரத்தோடு மேசையில் வைத்து
ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள்.
கோணல் கிழங்கு,
இரண்டரைச் சுற்று தள்ளாடி
விசைப்பலகையில் முட்டி நின்றது.
குவளைக் காப்பியில் வளையம் வளையமாய்
ஏதோ நெளிந்தது, அடங்கியது.

அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.